நான் இட்டுக்கட்டிய ஐந்து எபிசோடுகள்

கல்யாணமாகி சோமனூருக்கு வந்த பிறகு எட்டு மாதம், ஞாயிறு தவிர எல்லா நாளும், மாலை ஏழு மணிக்கு நானும் என் மாமியாரும் ஒரு சீரியல் பார்த்தோம். எனக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவு பிடிக்கவில்லை என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வைத்திருக்கிறேன். பார்க்கிற படம், தொடர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்துவைப்பது கல்லூரி நாளிலிருந்தே என் வழக்கம். எவ்வளவு நேரம் ஓடியது, கதை எங்கே தொய்ந்தது, இன்னொருவரைப் பார்க்கச் சொல்வேனா மாட்டேனா என்று எழுதுவேன். மற்றவற்றுக்கு நான்கு வரி போதும். இந்தச் சீரியலுக்கு மட்டும் குறைகளே இருபத்தாறு சேர்ந்திருந்தன.

சிலவற்றைச் சொல்கிறேன். ஒன்று: வீட்டுக்குள் தொலைந்த ஒரு கடிதத்தை நான்கு மாதமாகத் தேடுகிறார்கள், யாரும் பீரோவை நகர்த்திப் பார்க்கவில்லை. நான்கு: கதாநாயகி பட்டுப்புடவையோடு தூங்கி, மடிப்புக் கலையாமல் எழுகிறாள். ஒன்பது முதல் பதின்மூன்று வரை அழுகையைப் பற்றியவை. பத்தொன்பது: ஆலை முதலாளி என்று சொல்லப்படுபவர் ஒருநாள்கூட ஆலைக்குப் போகவில்லை.

ஆனாலும் பார்த்தேன். கல்யாணமான முதல் வாரம், அத்தை டிவியைப் போட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியை என் பக்கம் இழுத்துவிட்டு, "இது பார்ப்பியா கண்ணு?" என்றார். "பார்ப்பேனுங்கத்தை" என்றேன். "நல்லாருக்குதா?" என்று மறுநாள் கேட்டார். "நல்லாருக்குதுங்கத்தை." அதோடு முடிந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் நமக்காக எடுத்துவைத்ததை நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியாது. ஒறம்பரை என்று நாங்கள் சொல்லும் சொந்தக்காரர் வீட்டில் உப்பில்லாத ரசத்தையும் இரண்டாம் முறை வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அந்த அரைமணி நேரம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் இருந்தது. காலை ஏழரைக்குக் கோயமுத்தூர் பஸ் பிடித்தால், நான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியிலிருந்து திரும்பி வர ஆறரை ஆகிவிடும். கணவர் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் தறி ஷெட்டில் ஒன்பது மணிவரை இருப்பார். நானும் அத்தையும் பேசிக்கொள்ள வேறு எதுவும் கிடைக்கவில்லை. விளம்பர இடைவேளையில், "அவொ எதுக்குக் கண்ணு இப்ப அழுகறா?" என்று அவர் கேட்பார். நான் விளக்குவேன். அதுதான் எங்கள் உறவு.

அத்தைக்கு என்னைப் பற்றி ஒரு பெருமையும் இருந்தது. கம்பெனியில் எனக்கு மோட்டார்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. சொந்தக்காரர் ஒருவர் தன் போர்வெல் மோட்டாரைக் கொண்டுவந்து, கம்பெனியின் தவறு என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். தண்ணீரில்லாமல் ஓடவிட்டுச் சுருளைக் கருக்கியது அவர்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கோபித்துக்கொண்டார். அத்தையோ அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்: "என்ற மருமக வாயில பொய்யே வராதுங்க. சொந்த மாமன் மோட்டரா இருந்தாலும் பெயிலுன்னாப் பெயிலுதானுங்க."

இப்படி இருக்கும்போதுதான் கொடுமுடியில் அத்தையின் அக்கா குளியலறையில் வழுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டார். ஐந்து நாள் கூட இருந்துவிட்டு வருவதாக அத்தை கிளம்பினார். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அக்கா ஊட்டு டிவியில மழைக்குப் பொறவு படமே வரமாட்டீங்குதாமா. நீ பார்த்து வெச்சுக்கோ கண்ணு. பொழுதோட போன் போடறேன், கதையச் சொல்லிப்போடு."

"சொல்றேனுங்கத்தை."

திங்கட்கிழமை வீடு காலியாக இருந்தது. ஏழு மணிக்கு நான் நாற்காலியில் உட்கார்ந்து, டிவியைப் போடாமல், போனில் ஒரு மலையாளப் படத்தைப் போட்டேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒரு பெண்ணின் கதை. வெகுநாளாகப் பார்க்க நினைத்தது. முதல் அரைமணி நேரத்தில் யாருமே அழவில்லை. அவள் வேலைக்குப் போனாள், வேலையைச் சரியாகச் செய்தாள், மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவ்வளவுதான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏழே முக்காலுக்கு அத்தையின் அழைப்பு வந்தது.

"என்ன கண்ணு ஆச்சு இன்னிக்கு?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குப் பிடித்த ஒன்றை அவர் இல்லாதபோது நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்று அதற்கு அர்த்தமாகிவிடும். வாய் தானாகச் சொன்னது: "லெட்டர் கெடைச்சிருச்சுங்கத்தை."

"அட! எங்க?"

"பீரோவுக்குப் பின்னாடீங்க."

"யாரு நகர்த்துனது?"

"சின்ன மருமகதானுங்க. கூட்டறப்ப."

மறுமுனையில் யாரோ இருமினார்கள். "பெரியத்தைக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒன்னுமில்ல. நீ சொல்லு, நீ சொல்லு" என்றார் அத்தை.

அன்றே போனில் சேனலின் செயலியில் அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு மறுநாள் திருத்திச் சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை. உண்மைக்கும் என் கதைக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. அளவு காட்டும் கருவியைத் திருப்பிவைத்துவிட்டு மோட்டாரை ஓட்டுகிற காரியம் அது. கம்பெனியில் யாராவது அப்படிச் செய்தால் நான் சும்மா விடமாட்டேன்.

செவ்வாய்க்கிழமை சின்ன மருமகள் பெரிய மருமகளிடம் மன்னிப்புக் கேட்டாள். புதன்கிழமை ஆலை முதலாளி ஆலைக்குப் போய் வந்தார். வியாழக்கிழமை வில்லனான தாய்மாமன் திருந்தி, ஈரோட்டில் ஒரு வேலையில் சேர்ந்தான். ஒன்றுக்கொன்று முரண்படாமலிருக்க, சொன்னதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதிவைத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் தண்ணீர் வரவில்லை; கதாநாயகி தானே மோட்டார் சுவிட்ச் பெட்டியைத் திறந்து கெப்பாசிட்டரை மாற்றினாள்.

"பட்டுச் சேலையோடவா?" என்று கேட்டார் அத்தை.

"இல்லீங்கத்தை. இன்னிக்கு நைட்டிதானுங்க."

மறுமுனையில் இருமல் பலமாக வந்து, போன் கட்டாகிவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று அத்தை அப்புறம் செய்தி அனுப்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் திரும்புகிறார், சீரியல் சனிக்கிழமையும் உண்டு என்பது காலையில்தான் எனக்கு உறைத்தது. ஏழு மணிக்கு டிவியைப் போட்டதும் எல்லாம் தெரிந்துவிடும். தொலைந்த கடிதம் அங்கே தொலைந்தே இருக்கும். பொய்யே வராத வாய் ஐந்து நாள் தொடர்ந்து பொய் சொன்னது தெரிந்தால், அதற்கப்புறம் நான் எதை நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அவர் எப்படி நம்புவார்?

கணவரிடம் சொன்னேன். அவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். "கேபிள்காரன்கிட்டச் சொல்லி ஒரு வாரம் நிறுத்திப்போடட்டா?"

"ஒரு வாரம் கழிச்சு?"

"அதுக்குள்ள அவனுகளும் லெட்டரக் கண்டுபுடிச்சிருவானுக."

உதவாத யோசனை. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன், ஏழு மணிக்கு முன்னால்.

அன்று எனக்கு லீவு. அத்தை நான்கு மணிக்கு வந்தார். பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து வைத்தார், குளித்தார், பூ கட்டினார். ஒவ்வொரு முறை நான் வாயைத் திறந்தபோதும் பெரியத்தையின் காலைப் பற்றி எதையோ ஆரம்பித்தார். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"வா கண்ணு, போடற நேரமாச்சு."

"அத்தை, ஒன்னு சொல்லோணுங்க."

"பொறவு சொல்லு. பாட்டுப் போட்டுட்டான் பாரு."

நான் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் காட்சியிலேயே கதாநாயகி பூஜையறையில் அழுதுகொண்டிருந்தாள். "அந்த லெட்டர் மட்டும் கிடைச்சிருந்தா" என்றாள். பின்னால் திருந்தாத தாய்மாமன் மீசையை முறுக்கினான்.

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏங்கண்ணு, பீரோவ நகர்த்துனாங்கன்னு சொன்னீல்ல? திரும்பவும் அதே எடத்துல வெச்சுப்போட்டாங்களாட்ட இருக்குது?"

"அத்தை, மன்னிச்சுக்குங்க. நான் பார்க்கவே இல்லீங்க. அஞ்சு நாளும் பார்க்கலீங்க. எல்லாம் நானாச் சொன்னதுங்க."

"தெரியும்."

"எப்பங்க தெரியும்?"

"திங்கக்கெழமையே. நான் போய் எறங்குன ஒடனே பக்கத்தூட்டுப் பையன் வந்து டிவியச் சரி பண்ணிப்போட்டான். உன்ற கூடப் பேசறதுக்கு வேணுமேன்னு நானும் அக்காளும் முழுசாப் பார்த்துப்போட்டுத்தான் உனக்குப் போன் போட்டோம். நீ லெட்டர் கெடைச்சிருச்சுங்கறே! அக்கா வாயில முந்தானையத் திணிச்சுக்கிட்டா."

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே அத்தை."

"சொன்னா நீ சங்கடப்படுவீன்னு நெனச்சேன். பொறவு செவ்வாக்கெழம நீ என்ன சொல்லப்போறீன்னு தெரிஞ்சுக்கோணும்னு ஆசையாப் போச்சு. அக்கா நாலரைக்கே 'மணி என்னாச்சு, மணி என்னாச்சு'ன்னு கேக்க ஆரம்பிச்சுருவா. நெசக் கதையவிட உன்ற கதை எவ்வளவோ தேவலாம். ஆனா ஒன்னு கண்ணு, உன்ற கதையில எல்லாரும் ஒரே நாள்ல திருந்திப்போடறாங்க. அதான் நம்பற மாதிரி இல்ல."

நான் அழுதுவிட்டேன். அழுகைக்காக மட்டும் ஐந்து குறை எழுதியவள். "பொய் சொல்லிப்போட்டேனுங்களே" என்றேன்.

"மோட்டருல பொய் சொன்னாத் தோட்டத்துக்குத் தண்ணி வராது. இதுல என்ன வரப்போகுது?" என்றவர், "ஆனா எதுக்குப் பார்க்கல? உனக்கு உசுராச்சே இந்த சீரியலு" என்றார்.

"எனக்குங்களா?"

"பின்னே? பொழுதோட ஓடி வந்து உக்காருவே. எனக்கு இது கண்ணுலயே ஆகாது. இந்தப் புள்ளைக்குப் புடிச்சிருக்குது, தனியா உக்காந்து பார்க்கோணுமேன்னுதான் நானும் உக்காந்தேன். அந்தச் சனியன் அழுகறப்பெல்லாம் எனக்குத் தலைய வலிக்கும்."

எட்டு மாதம். எனக்காக அவர், அவருக்காக நான். இருவரும் பெருமூச்சை அடக்கிக்கொண்டு. "எனக்கும் புடிக்காதுங்கத்தை. முதல் நாள்ல இருந்தே" என்று சொல்லி முடித்தபோது, நாள் முழுக்க இறுக்கிப் பிடித்திருந்த தோள் இரண்டும் தானாக இறங்கின. அத்தை ரிமோட்டை எடுத்து, கதாநாயகி வாக்கியத்தை முடிப்பதற்குள் அணைத்தார். ஷெட்டில் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"வேற என்னென்ன சும்மா நல்லாருக்குன்னு சொன்னே? எல்லாத்தையும் இன்னிக்கே சொல்லிப்போடு."

"காப்பியில சக்கரை ஜாஸ்திங்கத்தை."

"அப்பறம்?"

"அந்த மாம்பழக் கலர் சேலை."

"அது எனக்கே புடிக்கல. கடைக்காரன் காட்டிக்கிட்டே இருந்தான், வேண்டாம்னு சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு." அத்தை எழுந்து வந்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "நீ சமைக்கற கோஸுப் பொரியலும் அப்படித்தான் அம்மிணி. வெந்தே இருக்காது."

அதற்குள் பெரியத்தையிடமிருந்து அழைப்பு. ஸ்பீக்கரில் போட்டார். "ஏம் மருமவளே, ஏழு மணி ஆச்சு, அஞ்சு நாள் பழக்கிவிட்டுப்போட்டு இன்னிக்குக் கதை இல்லீன்னா எப்படி? அந்த ஈரோட்டு வேலைக்குப் போனவனுக்குச் சம்பளம் குடுத்தாங்களா இல்லையா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மறுமுனையில் பழைய இருமல் வெடித்துச் சிரிப்பாகிவிட்டது.

அதன் பிறகு எதைப் பார்ப்பது என்று பேசியபோதுதான் அத்தைக்குக் கொலைக் கதைகள் பிடிக்கும் என்று தெரிந்தது. நான் பயந்துகொள்வேன் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லையாம். ஒரு துப்பறியும் தொடரை எடுத்தேன். மலை ஊர் ஒன்றில் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் இறந்துகிடக்கிறார், எட்டுப் பகுதி. இரண்டாவது பகுதியிலேயே அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"கம்பவுண்டர்தான். அவன் மொகத்தையே பாரு."

"மொகத்த வெச்சு எப்படீங்க சொல்றது? அவரு அன்னிக்கு ஊர்லயே இல்லீங்களே. பஸ் டிக்கெட்டக் காட்டுனாங்கல்ல?"

"டிக்கெட்ட யாரு வேணும்னாலும் எடுத்திருக்கலாம். உனக்கு வெவரம் பத்தல."

"இல்லீங்கத்தை. நீங்க சொல்றது தப்புங்க."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், அந்த வீட்டில் 'தப்பு' என்ற வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"எப்படித் தப்புங்கறே? சொல்லு பார்க்கலாம்."

தொடரை நிறுத்திவிட்டு வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது காரணத்தில் அவர் குறுக்கிட்டார், நான் விடவில்லை, இரண்டு பேரின் குரலும் உயர்ந்தது. ஷெட்டிலிருந்து கணவர் பதறி ஓடிவந்து கதவருகே நின்றார்.

"என்ன ஆச்சுங்கம்மா? எதுக்குச் சண்டை?"

"நீ போய்த் தறியப் பாரு சாமி" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலேயே. "நாங்க கொலகாரனப் புடிச்சுட்டு இருக்கறோம்."