கரையான் தின்ற ஆஸ்திரேலியா

தலைமையாசிரியர் ஒருவர் எப்படி வேலை செய்கிறார் என்று ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அற்புதமேரிக்கு வந்ததற்குக் காரணம், அவளே ஏழெட்டு வருஷமாகத் தலைமையாசிரியையாக இருந்ததுதான். கிருஷ்ணகிரியில் அவளுடைய பெண்கள் பள்ளியில் மணி அடித்தால் பிள்ளைகள் வருவார்கள். ஆசிரியைகள் வருவது அவரவர் சௌகரியம். அவள் சுற்றறிக்கை அனுப்புவாள். எல்லோரும் அதில் அழகாகக் கையெழுத்துப் போடுவார்கள். அதோடு அந்த விஷயம் முடிந்துவிடும். ஒரு பள்ளிக்கூடத்தை உண்மையில் எது நடத்துகிறது என்று எங்கேயாவது யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும், தனக்குத்தான் தெரியவில்லை என்று அவள் நம்பினாள். நிறையப் படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய நம்பிக்கை அது.

சென்னையில் ஒரு பேராசிரியர் அவளை ஆராய்ச்சி மாணவியாக ஏற்றுக்கொண்டார். எல்லைப்புறத்தில் மூன்று மொழி பேசும் ஊர்களின் தொடக்கப் பள்ளிகளில் தலைமையாசிரியர் எவ்வாறு தலைமை தாங்குகிறார் என்பது பொருள். ஒரு வருஷம் படிப்பு விடுப்பும் கிடைத்தது. அதற்குள் முடிக்காவிட்டால் பதிவு ரத்து. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு இன்னொரு தடவை விடுப்பு கொடுக்க இலாகாவில் யாருக்கும் பைத்தியம் பிடித்திருக்கவில்லை.

"புத்தகத்துல இருக்கறது எனக்கே தெரியும்" என்றார் பேராசிரியர். "நீங்க போய் உக்காந்து பாருங்க. சாதாரணமான பள்ளிக்கூடம், சாதாரணமான நாள். கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க."

இதைவிட லேசான வேலை உலகத்தில் கிடையாது என்று அவள் சந்தோஷமாக ஊர் திரும்பினாள். மாம்பழ மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அவள் கணவன் சவரியப்பனுக்குத்தான் விஷயம் பிடிபடவில்லை.

"ஹெட்மாஸ்டருங்க என்ன செய்யறாங்கன்னு பாக்கறதுக்கு ஒரு வருஷம் லீவா? எங்கிட்டக் கேட்டா இப்பவே சொல்லுவனே. ஒண்ணுஞ் செய்யறதில்ல."

"நீங்க சும்மா இருங்க."

"நானும் அதத்தான மேரி செய்யறேன். எனக்கு ஏன் பட்டம் குடுக்க மாட்டேங்கறாங்க?"

1957-இல் பள்ளிகள் திறந்ததும் அவள் குடையும் தூக்குச்சட்டியுமாக ஓசூர் பஸ் ஏறினாள். பாகலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளிதான் முதல். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பிள்ளைகள் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். தலைமையாசிரியர் ராமப்பன் சாமந்தி மாலையோடு ஓடிவந்தார்.

"ஐயோ, இதெல்லாம் எதுக்குங்க? நான் இன்ஸ்பெக்டரம்மா இல்லீங்க. ஆராய்ச்சிக்காக வந்திருக்கேன்."

"தெரியுமுங்கம்மா" என்றார் ராமப்பன், ஒரு கண்ணைச் சற்றுச் சிறிதாக்கிக்கொண்டு.

"நிஜமாவே இல்லீங்க."

"இன்ஸ்பெக்டரம்மாவா இருந்தா இன்ஸ்பெக்டரம்மான்னு சொல்லிக்கிட்டுத்தான வருவாங்க? இல்லேன்னு சொல்லிக்கிட்டு வர்றவங்க அதுக்கும் மேலன்னு எங்களுக்குத் தெரியாதுங்களா?"

மறுக்க மறுக்க அவளுக்கு உத்தியோக உயர்வு கிடைத்துக்கொண்டே போனது. பேரிகைப் பக்கம் போவதற்குள் அவள் கோட்ட அதிகாரியாகியிருந்தாள். சூளகிரிச் சாலையில் சென்னையில் கல்வி டைரக்டரின் டி.பி.ஐ. ஆபீஸிலிருந்து ரகசியமாக அனுப்பப்பட்டவளானாள். ஒரு மலையடிவாரப் பள்ளியில், மந்திரிக்கு அவள் ஏதோ ஒரு வகையில் சொந்தம் என்று பேச்சு. அங்கே கையெடுத்துக் கும்பிட்டு, தான் வெறும் மாணவி என்று அவள் மன்றாடியபோது, அந்தத் தலைமையாசிரியர் "ஆய்த்தம்மா, ஆய்த்து" என்று கன்னடத்தில் சரி சொல்லிப் பயபக்தியோடு தலையாட்டிவிட்டு, மாற்றல் கேட்டு எழுதிய மனுவை அவள் தூக்குச்சட்டிக்கு அடியில் செருகினார். இன்னொருவருக்குக் கூரை ஒழுகியது. வேறொருவருக்கு இன்கிரிமென்ட் நின்றுபோயிருந்தது. அவள் பார்க்க வந்த சாதாரண நாளை மட்டும் எந்த ஊரிலும் யாரும் அவள் கண்ணில் காட்டவில்லை.

மழைக்காலம் வந்தது. அவளிடம் சேர்ந்திருந்தவை வரவேற்புப் பாட்டுகள் மட்டுமே. அப்போதுதான் ஆஸ்திரேலியாவைக் கவனித்தாள்.

ஒரு பள்ளிச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஆஸ்திரேலியா இருக்க வேண்டிய இடத்தைக் கரையான் தின்றிருந்தது. அடுத்த ஊரிலும் அப்படியே. கரையானுக்கு அந்தக் கண்டத்தின் மேல் என்ன தனிப் பிரியமோ என்று நினைத்தாள். மூன்றாவது ஊரிலும் ஆஸ்திரேலியா இல்லை. அங்கே முன்வரிசையில் துறுதுறுவென்று எல்லாக் கேள்விக்கும் கையைத் தூக்கிய செல்லி என்ற பெண்ணையும் அவள் எங்கோ பார்த்திருந்தாள்.

"நீ அன்னிக்குப் பாகலூர் பக்கத்து இஸ்கூல்ல கன்னடத்துல பாட்டுப் பாடலை?"

"அது எங்கக்காங்க டீச்சர்."

"பேரிகைகிட்டத் தெலுங்குல வாய்ப்பாடு சொன்னது?"

"அது தங்கச்சிங்க" என்றாள் செல்லி, கொஞ்சமும் யோசிக்காமல்.

மறுநாள் அற்புதமேரி ஒரு காரியம் செய்தாள். போக வேண்டிய ஊருக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி வண்டித்தடத்தில் நடந்தாள். கேழ்வரகுக் கொல்லைகளின் நடுவே பக்கத்துத் தடத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. குறுக்குக் கம்பியில் சுருட்டிய உலகப் படம், முன்னால் செல்லி, பின்னால் கேரியரில் துண்டால் கட்டிய சுவர்க் கடிகாரம். ஓட்டி வந்தவர், அவள் இரண்டு வாரத்துக்கு முன் மாலை வாங்கிக்கொண்ட பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் தீர்த்தகிரி. இறங்கி, ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வணக்கம் வைத்தார்.

"என்னா சார் இது?"

"கடியாரமுங்க."

"அது தெரியுது சார்!"

இனி மறைத்துப் பயனில்லை என்று கண்டதும் தீர்த்தகிரி நிதானமாகவே பேசினார். "எல்லா இஸ்கூல்லயும் மேப்பு இருக்கணும்னு ரூலுங்க. இஸ்கூலு பன்னண்டு, மேப்பு ஒண்ணு. நான் என்னா செய்யட்டும்? புள்ளைங்க எண்ணிக்கை கொறஞ்சா இஸ்கூலை மூடிருவாங்க. கருதறுக்கற காலத்துல எந்த ஊர்லம்மா எண்ணிக்கை நெறையும்? பஸ்ஸு கண்டக்டரு நம்ம பையன். நீங்க எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கறீங்கன்னு சொல்லிட்டான்னா, மேப்பு ஒருத்தரு, கடியாரம் ஒருத்தரு, புள்ளைங்க ஒருத்தருன்னு பாத்துக்குவோம். இன்னிக்கு ரெண்டு பேருக்குக் காச்சலு. அதான் மூணும் என் தலையில."

அற்புதமேரிக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்ததில் வயிறு எரிந்தது. ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாத பன்னிரண்டு தலைமையாசிரியர்கள், மூன்று மொழிகள், ஒரு கூட்டம் கிடையாது, ஒரு சுற்றறிக்கை கிடையாது. இந்த மனுஷன் ஒரு சைக்கிளை வைத்துக்கொண்டு அத்தனை பேரையும் பஸ் வருவதற்குள் ஓட வைக்கிறார். அவள் பள்ளியில் தண்ணீர்ப் பானையை நிழலுக்கு நகர்த்த மூன்று சுற்றறிக்கை ஆயிற்று. தேடிவந்த தலைமைப் பண்பு இங்கேதான் இருந்தது, அவளை ஏமாற்றுவதில் மும்முரமாக.

ஊர் பேர் சொல்லாமல் அதை ஒரே மூச்சில் ஓர் அத்தியாயமாக எழுதிச் சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனாள். பேராசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ப முடியலையே. நானே வந்து பார்க்கிறேன். நிஜமா இருந்தா இது ஆராய்ச்சி மட்டுமில்லை அம்மா. இலாகாவுக்குத் தெரிய வேண்டிய விஷயம்."

அப்போதுதான் அவளுக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. அத்தியாயம் நிரூபணமானால் அவளுக்குப் பட்டம். பன்னிரண்டு பேருக்கும் வேலை போய்விடும். தீர்த்தகிரியிடம் முன்கூட்டியே போய்ச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. சொன்னால் அவளே அந்த நாடகத்தில் சேர்ந்தவளாகிவிடுவாள். கர்த்தர் விட்ட வழி என்று வாயை மூடிக்கொண்டு பேராசிரியரோடு பஸ் ஏறினாள். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மரியாதையாகச் சிரித்தான்.

மூன்று பள்ளிகள். மூன்றிலும் மாலை, மூன்றிலும் கடிகாரம், மூன்றிலும் ஆஸ்திரேலியா இல்லாத உலகம். பேராசிரியர் ஜன்னல்களை எண்ணினார், கால அட்டவணையைப் படித்தார், குடிதண்ணீர்ப் பானையைத் திறந்து பார்த்தார். படத்தில் ஆஸ்திரேலியா இல்லாததை மட்டும் பார்க்கவில்லை. கடைசியாகத் தீர்த்தகிரியின் பள்ளியில் செல்லியை எழுப்பிச் சென்னையைக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள்.

"பேஷ்! ஆனா இந்தப் பொண்ணை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"கொழந்தைங்க எல்லாம் சாமிதானுங்களே" என்றார் தீர்த்தகிரி, அந்தக் கேள்விக்கு அது பதில் என்பதுபோல.

பேராசிரியர் அற்புதமேரி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. நாம இவளைக் காலையிலே பார்க்கலை?"

ஒரு வார்த்தை போதும். பட்டத்தின் மேல் வைத்த ஆசை அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி அவளைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த சாமந்திப் பூவின் இதழ்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கத்துப் பசங்க எல்லாம் ஒரே சாடை சார்" என்றாள் அவள்.

ஓசூர் பஸ் நிலையத்தில் பேராசிரியர் தீர்ப்புச் சொன்னார். "அந்த அத்தியாயம் உங்க கற்பனை. எடுத்துடுங்க. இவ்வளவு நல்ல பள்ளிக்கூடங்களை நான் மதராஸ்லகூடப் பார்த்ததில்லை. இன்னிக்குப் பார்த்ததை அப்படியே எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"நான் பார்த்ததை எழுதினா நீங்க நம்பலை சார். நீங்க பார்த்ததை நான் எப்படி எழுதறது?"

"பிடிவாதம் ஆராய்ச்சிக்கு ஆகாது அம்மா. சரி. வரவேற்பு இல்லாம ஒரே ஒரு சாதாரண நாள். ஒரே ஒரு பள்ளிக்கூடம். கிறிஸ்துமஸுக்குள்ள எழுதிக் கொண்டுவாங்க. அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாது."

பஸ் போனதும், டீக்கடை மறைவிலிருந்து தீர்த்தகிரி ஒரு கூடைத் தக்காளியோடு வெளிப்பட்டார். "உங்க உப்பைத் தின்னுட்டோமுங்கம்மா. உங்களுக்கு என்னா வேணுமோ கேளுங்க. நாங்க பன்னண்டு பேரும் சேந்து மனு குடுத்தா அந்தப் பட்டத்தைக் குடுத்துருவாங்களா?"

"ஐயோ சார், மனுவெல்லாம் வேணாம். ஒரு நாள் வேணும். மாலை வேணாம், மேப்பு வேணாம், செல்லி வேணாம். உங்க இஸ்கூலு தினம் எப்படி நடக்குதோ அப்படியே நான் ஒரு மூலையில உக்காந்து பாக்கணும்."

தீர்த்தகிரி கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "அதுக்கு ஒரு வாரம் முன்னாடி சொல்லணுமுங்களே."

"எதுக்கு சார் ஒரு வாரம்?"

"திடீர்னு சாதாரணமா இருக்கச் சொன்னா எப்படிங்க?"

வேறு வழியில்லாமல் அவள் ஒரு வாரம் கொடுத்தாள்.

குறித்த நாளில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது யாரும் பாடவில்லை. சுவர் வெறுமையாக இருந்தது. அற்புதமேரியின் மனம் துள்ளியது. மூலையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தாள். உதவி ஆசிரியர் வந்து வருகை எடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் பதில் வந்தது, நடுவில் சில பெயர்களுக்கு மட்டும் வகுப்பே ஒரே குரலில், ஒரே ராகத்தில், "வர்ல சார்! மாடு மேய்க்கப் போயிட்டான்!" என்றது. கடைசி வரிசையில் ஒரு பெண் தூங்கினாள்; மூச்சு சீராக வந்தது, இமை மட்டும் துடித்தது. தீர்த்தகிரி தாமதமாக வந்தார். கால்களில் கணுக்கால் வரை சேறு. பத்து நாளாக அந்தப் பக்கத்தில் மழை இல்லை.

"கொல்லையில கொஞ்சம் வேலைங்க, நேரமாயிருச்சு" என்று யாரும் கேட்காமலே உரக்கச் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்து ஓர் ஆடு உள்ளே வந்தது. வாசலில் நின்று தயங்கிய ஆட்டை வெளியிலிருந்து ஒரு கை தள்ளிவிட்டதை அவள் பார்த்தாள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். மாடு மேய்க்கப் போனவர்கள் சுவரோரம் வெயிலில், உயரவாரியாக வரிசையில், வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வராமல் இருக்கப் பயிற்சி நன்றாகவே நடந்திருந்தது.

அவள் தாளைப் பார்த்தாள். தாமதம், தூக்கம், ஆடு: மூன்றையும் கண்ணால் பார்த்தாயிற்று. எழுதினால் பேராசிரியர் இரு கையாலும் கையெழுத்துப் போடுவார். தீர்த்தகிரி கரும்பலகைப் பக்கம் நின்று, மாப்பிள்ளை வீட்டார் முகத்தைப் பார்க்கும் பெண்ணின் தகப்பனைப் போல அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் தன்னால் முடிந்த அத்தனையையும் செய்திருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. அத்தனையும் நடிப்பு என்று தெரிந்துகொண்டே அதைச் சாதாரண நாள் என்று எழுத அவளுக்கு மனம் வரவில்லை. அவள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். பட்டமும் அதோடு போயிற்று.

தீர்த்தகிரி பதறிப்போய் அருகில் வந்தார். "ஏனுங்கம்மா, ஏதாச்சும் தப்பாயிருச்சுங்களா?"

"ஒண்ணுந் தப்பில்ல சார். வராத புள்ளைங்களை உள்ள கூப்புடுங்க. வெயிலு ஏறுது."