சாமியார் வருவதற்குள் துடைத்த பம்பு

அப்பா கருவடிக்குப்பத்துத் தோட்டத்துக்கு எண்ணெய் இயந்திரமும் பம்பும் வாங்கியபோது எனக்கு எட்டு வயது. கவலை இழுத்துக் கிணற்றுநீர் இறைத்த மாடுகளை அதற்கு முன்பே விற்றுவிட்டார். கத்தரிச் செடிகள் நாலு நாளாகத் தண்ணீர் காணாமல் தலை தொங்கி நின்றன. பம்பு இறைக்காவிட்டால் அந்த வருஷம் பெரிய மார்க்கெட்டுக்கு எங்கள் கூடை போகாது.

மேஸ்திரி முதல் நாளே பம்பைப் பூட்டி, அதற்குள் வாய்வரை தண்ணீர் ஊற்றி, யாரும் தொடக்கூடாது என்று சொல்லிப் போயிருந்தார். மாதா கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் ஓட்டுவது என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். எங்கள் வீட்டில் தொட்டில் முதல் ஏர் வரை மந்திரிக்காமல் எதுவும் புழக்கத்துக்கு வராது.

காலையில் பம்பைத் துடைத்து வைக்கச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். அடியில் சின்னக் குழாய் ஒன்று இருந்தது. திருகினேன். பாசி நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. தீர்த்தம் தெளிக்கிற நேரத்தில் உள்ளே இந்த அழுக்கா இருப்பது? ஒரு சொட்டு விடாமல் வடித்து, குழாயை மூடினேன்.

சாமியார் தீர்த்தம் தெளித்தார். இயந்திரம் அலறியது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை.

“மாடுன்னா பசிச்சாத்தான் கத்தும். இது சும்மாவே கத்துது அண்ணே,” என்றார் சித்தப்பா.

மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்தி, பம்பின் மேல்மூடியைத் திறந்து பார்த்தார். “உள்ள இருக்கற சக்கரம் தண்ணிய வீசி அடிச்சாத்தான் கிணத்துத் தண்ணி பின்னாலயே ஏறி வரும். வெறுங்காத்த வீசினா என்னா வரும்? யாரு இத வடிச்சது?”

நான் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“நான்தாம்பா. அழுக்கா இருந்திச்சி,” என்றார் மேஸ்திரியிடம்.

“ஏன் முசே, சோறு போடாமலே வேல வாங்கப் பாத்தீங்களா!” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி மேஸ்திரி வாளியால் பம்புக்குள் தண்ணீர் ஊற்றினார். மிச்சமிருந்த தீர்த்தத்தையும் சாமியார் அதிலேயே கவிழ்த்தார். குமிழி அடங்கியதும் மூடியைத் திருகி, இயந்திரத்தை முடுக்கினார்கள். குழாய் இரண்டு தரம் இருமியது. அப்புறம் தண்ணீர் தொடை கனத்துக்குப் பாய்ந்து விழுந்தது. அப்பா சிலுவை போட்டுக்கொண்டார். முதலில் ஓடிப்போய்த் தலையை நீட்டி நனைத்தவர் சித்தப்பாதான்.

சாமியார் நிற்கும்போதே அப்பா வாயில் அந்தப் பொய்யை வைத்து என்னைக் காப்பாற்றியது மாதா என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். மந்திரிப்புக்காக அம்மா கட்டிவிட்ட வெள்ளைப் பாவாடையில் முழங்கால்வரை பச்சைப் பாசி அப்பியிருந்ததை அன்று நான் குனிந்தே பார்க்கவில்லை.