மேலே வராத தகடு

சும்மா இருக்கத் தெரியாத கை எனக்கு. கதவுக் கீல் முனகினாலும் குழாய் சொட்டினாலும் யாரும் கேட்காமலே போய் நோண்டுவேன். அந்தக் கையால்தான் என் அக்கா புருஷன் செத்தார். ஒரு வருஷமாக இதை அக்காவிடம் சொல்லாமல் இருந்தேன்.

மாமா திருச்சானூரில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். வண்டியில் பதினொரு பேரை அடைத்துவிட்டு, பன்னிரண்டாவது ஆளையும் 'ரா ரா' என்று கூப்பிடுவார். எனக்குச் சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை. மாங்காய் சீசன் முடிந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அணைக்குப் போவோம். மீன் குத்தகைக்காரரிடம் சின்ன மோட்டார் படகை வாங்கிக்கொண்டு, பின்னால் முள் கோத்த பொய்மீனை இழுத்தபடி மெதுவாக ஓட்டி வாளை பிடிப்போம். கோல் கிடையாது, தூண்டில் நரம்பு மாமாவின் கையில்தான்.

வெயில் ஏறினால் வாளை ஆழத்துக்கு இறங்கிவிடும். பொய்மீனையும் அங்கே இறக்க வேண்டுமே. முதலில் ஈயக்குண்டு கட்டிப் பார்த்தோம். படகு கொஞ்சம் மெதுவானாலும் அது நேராகப் போய்ச் சேற்றில் உட்கார்ந்துகொண்டது. வாயில் பிளாஸ்டிக் நாக்கு வைத்த பொய்மீன் வாங்கினோம். அது பத்தடிக்குக் கீழே போகமாட்டேன் என்றது. கடைசியில் மாமா போனில் ஏழெட்டு வீடியோ பார்த்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு முங்கு தகட்டை வரவழைத்தார். பொய்மீனுக்கு முன்னால் நரம்பில் அதைக் கட்டினால், படகு இழுக்க இழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு ஆழத்துக்குப் போகும். அதில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. மீன் கடித்தாலோ, நாம் வெடுக்கென்று இழுத்தாலோ கொக்கி விட்டுவிடும். தகடு மட்டமாகப் படுத்து மேலே வந்துவிடும்.

"இந்தக் கொக்கிதான்டா இதுல விஷயமே," என்றார் மாமா.

எனக்கு அந்தக் கொக்கியின்மேல்தான் எரிச்சல். துளி பாசி பட்டாலும் விட்டுவிடும். முதல் நாளே நாலு தடவை நரம்பைச் சுற்றி எடுத்து, கொக்கியை மாட்டி, மறுபடி விட்டோம்.

"நூலு போட்டுக் கட்டிடலாம் மாமா."

"வேணாம்டா. அது விடணும். விட்டாத்தான் மேல வரும். பர்வாலேது, வுடு."

அடுத்த ஞாயிறு அவர் மோட்டாருக்குப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் கட்டிவிட்டேன். நகரியில் தறி வீட்டில் வளர்ந்தவன்; சட்டைப் பையில் எப்போதும் நைலான் நூல் கிடக்கும். அறுந்த இழையை இணைக்கிற முடிச்சைப் போட்டேன், தறியில் எத்தனை அடி வாங்கினாலும் நெகிழாத முடிச்சு. அவர் திரும்புவதற்குள் தகட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். அன்றைக்கு அது ஒரு தடவைகூட விட்டுக்கொள்ளவில்லை. "இன்னாடா, இன்னிக்கு நல்லாப் போய்க்கினு இருக்குது," என்று மாமா சந்தோஷப்பட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அணையின் தென்கரையில் தண்ணீருக்குள் கருவேல மரங்கள் முழுகிக் கிடக்கின்றன. அந்தப் பக்கம் போகுமுன் தகட்டை மேலே வரவைத்துவிடுவது மாமாவின் வழக்கம். மோட்டார் என் கையில் இருந்தது. அவர் எழுந்து நின்று, நரம்பை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"தகடு ஏண்டா மேல வர்ல?"

சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பொய்மீன் மரத்தில் மாட்டிக்கொண்டது. படகு போய்க்கொண்டே இருந்தது. மாமா ஓரத்தைத் தாண்டித் தண்ணீருக்குள் போனார். மோட்டாரை நிறுத்திவிட்டுக் குதித்தேன். நரம்பு அவர் கையை விடவில்லை, என்னால் அறுக்கவும் முடியவில்லை. மீன்காரர்கள் வந்துதான் அறுத்து எடுத்தார்கள். தகடும் அவரோடு வந்தது.

கால் இடறி விழுந்தார் என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஆலையில் பம்ப் ஓடும்வரை தொந்தரவில்லை. அது நின்றதும் காதோரத்தில் கேட்கும்: ஏண்டா மேல வர்ல? திருப்பதி பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றால், யாரோ என் உள்ளங்கையைக் கீழே இழுப்பார்கள். திருச்சானூரில் 'ரா ரா' என்ற குரல் கேட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். வருஷ திவசத்துக்கு அவருக்குப் பிடித்த வாளைக் குழம்பை வைத்துப் படைத்தார்கள். இலையில் உட்கார்ந்தவன் ஒரு வாய்கூட வைக்காமல் எழுந்துவிட்டேன். அக்கா அதைப் பார்த்தாள்.

மறுநாள் காலை எங்கள் நகரி வீட்டுத் தறிக் கொட்டகைக்குப் போனேன். அக்கா அறுந்த இழையை இணைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தத் தகட்டுல..."

அவள் எழுந்து போய், மாடத்திலிருந்து மாமாவின் தூண்டில் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே தகடு இருந்தது. நூல் வெளுத்துப்போயிருந்தது, முடிச்சு அப்படியே இருந்தது.

"இத்தச் சொல்றியா? நீ இடது கைக்காரன். உன் முடிச்சு மட்டும் எதிர்ப்பக்கம் படுக்கும். அவர கொண்டாந்து போட்ட அன்னிக்கே பாத்துட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் தெரியல. அவரு கட்டச் சொன்னாரா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்ல அவர் இல்லை.

"இல்லக்கா. வேணாம்னுதான் சொன்னாரு. அவருக்குத் தெரியாம கட்டினேன்."

அக்கா அழவில்லை. தகட்டை என் கையில் வைத்தாள்.

"ஒரு வருஷமா அவுத்துப் பாத்துக்கினு இருக்கேன். வர்ல. நீயே அவுத்துடு."

தறியில் தொங்கிய கத்தரிக்கோலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். நான் முடிச்சில் நகத்தை வைத்தேன். அது அவிழாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.