காரில் உளுந்து அடித்த கதை

பங்குனியில் குடும்பத்தோடு தஞ்சாவூர் போயிருந்தோம். காலையில் பெரிய கோயில், மாலையில் திருவையாற்றுப் படித்துறை என்று திட்டம். திருவையாற்றுக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்துச் சாலை முழுக்க, பிடுங்கிய உளுந்துச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். சாப்பிடுகிற பொருள்மேல் எப்படி டயரை ஏற்றுவது? காரைப் பின்னால் எடுத்தேன்.

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

“ஏன் சார் திரும்புறீங்க? மேல ஏத்திப் போங்க! வண்டி ஏறினாத்தான் நெத்து வெடிச்சு உளுந்து உதிரும். மழை வேற இருட்டிக்கிட்டு வருது, மதியத்துலேருந்து ஒரு பஸ்கூட வரல.”

மேற்கே வானம் கறுத்திருந்தது. பயந்து பயந்துதான் ஏற்றினேன். நெற்றுகள் சடசடவென்று வெடித்தன. பின் சீட்டிலிருந்து மகள் கத்தினாள்: “அப்பா, இன்னொரு தடவை!”

போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். படித்துறை மறந்தே போயிற்று. அந்தப் பெண் செடிகளைப் புரட்டிப் போட, என் மனைவியும் இறங்கிக் கூடச் சேர்ந்துகொண்டாள். முதல் தூறல் விழுந்தபோது உளுந்தைக் கூட்டி அள்ளித் தார்ப்பாயில் மூடியாகிவிட்டது.

“நாளைக்கும் இருப்பீங்களா சார்?” என்று கேட்டார் அவர். “வயல்ல இன்னும் பாதி கெடக்கு.”

சுற்றிப் பார்க்கப் போன எத்தனையோ ஊர்களில் என்னை வரவேற்றிருக்கிறார்கள். வேலை இருக்கிறது, நாளைக்கும் வா என்று கூப்பிட்டது இந்த ஊர்தான். மறுநாள் சென்னைக்குக் கிளம்ப வேண்டியவன், வெயில் ஏறியதும் அந்தச் சாலையில் போய் நின்று ஹாரன் அடித்தேன்.