கரண்ட் வந்த அவசரம்

கடத்தூர் பக்கம் எங்கள் ஊர். போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால், மாடியிலுள்ள சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களைப் போன கோடையில் கழற்றிச் சுத்தம் செய்தோம். காலிக் குழாய்களை மாட்டிவிட்டுக் கிளம்பிய மெக்கானிக், "வெயில்ல இது நெருப்பா காயும். நாளைக்கு வெடியக்காலம் தண்ணி வுடுங்கக்கா" என்றார்.

மதியம் மும்முனைக் கரண்ட் வந்தது. எப்போது போகுமோ என்று, அது வந்தாலே எனக்குக் கை கால் பரபரக்கும். ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டேன். காலியாகக் கிடந்த மேல்தொட்டியில் ஏறும் தண்ணீர் அப்படியே ஹீட்டருக்கும் போகும் என்பது நினைவுக்கே வரவில்லை.

மாடியில் அந்தக் குழாய்களை ஒட்டி உட்கார்ந்து என் நாத்தனார் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். மோட்டார் சத்தம் கேட்டதும், "அண்ணி, கொடம் எங்கீங்க?" என்று அவரும் கீழே ஓடிவந்தார். குடத்தை எடுப்பதற்குள், காய்ந்துகிடந்த குழாய்கள் பச்சைத் தண்ணீர் பட்டு மேலே படார் படார் என்று வெடித்தன. ஏறிப் பார்த்தால் புளி முழுக்கக் கண்ணாடிச் சில்லு. அவர் உட்கார்ந்திருந்த மணை மீதும்தான்.

இப்போது ஹீட்டரில் எந்த வேலை என்றாலும் முதலில் அதன் வால்வை நானே அடைத்துவிடுகிறேன். கரண்ட் வந்தால் கால் இன்னும் மோட்டாருக்குத்தான் ஓடுகிறது. ஆனால் ஸ்விட்சைத் தட்டுமுன், "மேல யாருங்க?" என்று கத்துகிறேன். பதில் வராவிட்டாலும், ஏறிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுகிறேன்.