கூரைக் குளமும் உப்புக் குளமும்

மீனவர் குடியிருப்பான நெட்டுக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் திருவொற்றியூர்க் கடற்கரையோரம், ஓய்வு பெற்றவர்களுக்கான குடியிருப்பு ஒன்றில் எழுத்தர் வேலை கிடைத்தது. எழுபதுகளின் தொடக்கம் அது. அங்கே இரண்டு நீச்சல்குளங்கள். கூரை போட்டதில் கிணற்றுத் தண்ணீர். வெள்ளை ஓடு பதித்து ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வெளியே வெட்டவெளியில் இருந்ததில் மோட்டார் வைத்து இறைத்த கடல் தண்ணீர்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குப் பக்கவாதத்தில் இடது கால் விழுந்துவிட்டது. தரையில் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். வெளிக்குளத்தில் மட்டும் யார் தயவுமின்றி நடப்பார். அதைத்தான் மூட வேண்டும் என்று குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னார் செயலாளர். வெயில், காற்று, காக்கை போடும் மீன்முள். கூரைக்குள் இருப்பதே போதுமாம்.

அங்கே குறிப்பு எழுதத்தான் என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஆனாலும் எழுந்தேன்.

"சார், உப்புத் தண்ணி ஆளைத் தூக்கும். கிணத்துத் தண்ணி அந்த அளவுக்குத் தூக்காது. இவரு கால் அதுல எழும்பாது சார்."

"தண்ணி தண்ணிதாம்பா. நீயே இறங்கிக் காட்டேன்," என்றார் செயலாளர்.

கொஞ்சம்தான் வித்தியாசம் இருக்கும், காட்டிவிடலாம் என்று, எல்லோரும் வந்து கரையில் நிற்க, சட்டையைக் கழற்றிக் கூரைக் குளத்தில் இறங்கினேன். எனக்குத் தெரிந்த நல்ல தண்ணீர் குடத்தில் வந்ததுதான். அதில் நீந்தியதே இல்லை. கடலில் படுப்பதுபோல மல்லாந்து கையை விரித்தேன். கால் இறங்கியது, பின்னாலேயே இடுப்பு, அப்புறம் மூக்கு. மார்பளவுத் தண்ணீரில் இருமிக்கொண்டே எழுந்து நின்றேன்.

"இன்னாபா, குப்பத்து மீனு தொட்டியில முங்கிக்கீது," என்றார் ரயில்வேயில் ஓய்வு பெற்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கிரேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "கையி காலு நல்லா கீற புள்ளையே முங்கிக்கினான். என்னை இதுல எறக்கிவுட்டா எவன்பா தூக்குவான்?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் வெளிக்குளத்துக்கு வந்தார்கள். அதே மாதிரி மல்லாந்தேன். கட்டைவிரல் இரண்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, கண்ணை மூடிக் கிடந்தேன். நான் கரையேறியதும் செயலாளர், "சரி, மூட வேணாம்," என்றார். நியாயமான மனிதர்.

குறிப்பேட்டைத் திறந்தபோது அவரே பக்கத்தில் வந்து, "நீ முங்கினதை விட்டுடுப்பா, உனக்குத்தான் கௌரவக் குறைச்சல்," என்றார்.

"அதை விட்டா காரணமே இல்லாமப் போயிடும் சார். நாளைக்கு வேற ஒருத்தர் வந்து மூடச் சொல்லுவாரு."

எழுதினேன்: 'எழுத்தர் கூரைக் குளத்தில் மூழ்கினார், வெளிக்குளத்தில் மிதந்தார். ஆகவே வெளிக்குளம் திறந்தே இருக்கும்.'

எத்தனையோ கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறேன். எல்லாம் மற்றவர்கள் சொன்னது. இது நான் கண்டது. அடுத்த கூட்டத்தில் அதை உரக்க வாசித்தேன்.

முடித்ததும் கிரேன்காரர், "இன்னொரு தபா படி நைனா," என்றார்.

படித்தேன்.