இரண்டு கைப்பிடி மெஷின்

செஞ்சி கடைத்தெருவில் நைனா மருந்தடிக்கும் பம்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அதற்கு வேண்டிய ரப்பர் வாஷர்களைப் பழைய லாரி டியூபிலிருந்து அம்மாதான் வீட்டில் கத்தரிக்கோலால் வெட்டித் தருவாள். அந்த வருஷம் அவள் மணிக்கட்டு வீங்கிப்போய், சோற்றுக் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. தொண்டூர்க்காரர்களோ பயிரில் பூச்சி விழுந்துவிட்டதென்று கடை வாசலிலேயே நின்றார்கள்.

லேத் பட்டறையில் வேலை செய்த மாமா, தன் அக்காவுக்காக ஒரு மெஷின் செய்துகொண்டு வந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்த் துண்டுகள், விளிம்பு தீட்டியவை. ரப்பர் மேல் ஒரு முறை இறங்கினால் நடுவில் ஓட்டையோடு வாஷர் தயார். ஆனால் கைப்பிடி இரண்டு. இடது பிடியை அழுத்தினால்தான் பூட்டு விடும். அப்படியே வலது பிடியையும் அழுத்தினால்தான் கத்தி இறங்கும்.

“இன்னா மச்சான், ரப்பர யாரு புடிக்கறது? உங்கக்கா காலாலயா?” என்று நைனா சிரித்தார்.

“ரப்பர வச்சிட்டு கைய எடுத்துடணும். மெதுவாத்தான் ஆவட்டுமே,” என்றார் மாமா.

மெதுவாகத்தான் ஆனது. அம்மாவின் வீக்கம் வடிந்தது. நைனாவின் பொறுமையும் வடிந்தது. “இப்பிடி வெட்டுனா அறுப்புக்குத்தான் பம்பு ரெடியாவும்!”

எட்டு வயதில் நான் பெரிய இன்ஜினியர். அம்மா ரேஷன் கடைக்குப் போனதும் மாமாவின் பிழையைத் திருத்தினேன். ஜடை ரிப்பனை அவிழ்த்து, இடது பிடியை அழுத்தினவாக்கில் இறுக்கிக் கட்டினேன். இனி ஒரு கையால் ரப்பரைத் தள்ளலாம், மறு கையால் வெட்டலாம். டக், டக், டக். வாஷர் உதிர உதிர என் தலைக்கனம் ஏறியது.

அந்த நேரம் பார்த்து மாமா வந்தார். பாராட்டப்போகிறார் என்று இன்னும் வேகமாக வெட்டிக் காட்டினேன்.

“கைய எடுடி!”

என்னை இழுத்துத் தள்ளி முதுகில் ஓங்கி ஓர் அடி. அதுவரை என்னைத் திட்டியதுகூட இல்லாத மனிதர். நான் கோட்டை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி அழுதேன்.

ரேஷன் பையோடு உள்ளே வந்த அம்மா ரிப்பனைப் பார்த்தாள். தூக்கிக்கொள்வாள் என்று கையை நீட்டினேன். அவளோ நேரே தம்பியிடம் போய், அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆவலடா, உடு.”

அடி வாங்கியது நான், ஆறுதல் அவருக்கா? ஆத்திரத்தில் சத்தத்தைக் கூட்டினேன். அம்மா பிடித்திருந்த அந்தக் கையில் மூன்று விரல்தான். நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் கை. மாமா என்றால் மூன்று விரல்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.